நம்பர் வேறு, எண்ணிக்கை வேறு

துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு எண் 10 ஏற்றினால் பெரிய ஆபத்து என்பது நம் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். சரி, எண் 11 ஏற்றினால்? பத்தைவிடப் பெரிய புயல் என்றுதான் பலரும் சொல்வார்கள். நான் நாலைந்து பேரிடம் கேட்டுப் பார்த்துவிட்டேன், எல்லாரும் அதையேதான் சொன்னார்கள். ஆனால் 11 என்பது புயலின் பலத்தைச் சொல்லும் எண்ணே அல்ல. வானிலை எச்சரிக்கை மையத்தோடு தகவல் தொடர்பு அறுந்துபோயிற்று என்பதுதான் அதற்கு அர்த்தம்.

இன்னும் கொஞ்சம் பாருங்கள். துறைமுகத்தைத் தன் இடப்பக்கம் விட்டுக் கரை கடக்கும் புயலுக்கு 5. வலப்பக்கம் விட்டுக் கடந்தால் 6. துறைமுகத்தின் மேலேயோ மிக அருகிலோ கடந்தால் 7. இதே மூன்றையும் கடும் புயலுக்குச் சொல்வது 8, 9, 10. ஆக 5க்கும் 6க்கும் பலத்தில் வித்தியாசம் கிடையாது, பக்கத்தில்தான் வித்தியாசம். 7லிருந்து 8க்குப் போனால் பலமே கூடிவிடுகிறது. ஒரே வரிசையில் 1 முதல் 11 வரை எழுதியிருந்தாலும், சில இடத்தில் அந்த எண் ஏணிப்படி, சில இடத்தில் வெறும் பெயர்.

நான் படித்தது பிரெஞ்சு வழியில். இந்த வித்தியாசத்தைப் பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிலேயே வைத்திருக்கிறார்கள். வீட்டு எண், பேருந்து எண், தொலைபேசி எண் இதெல்லாம் ‘நியூமேரோ’. எண்ணிப் பார்த்துச் சொல்லும் எண், கூட்டவும் கழிக்கவும் ஆகும் எண், ‘நோம்ப்ர்’. எழுதிக் காட்டும் 0 முதல் 9 வரையுள்ள வடிவம் ‘ஷிஃப்ர்’. ஒன்றுக்குப் பதில் மற்றொன்றைச் சொன்னால் எங்கள் மெத்ர் விடமாட்டார். “உன் வீடு 14, பக்கத்து வீடு 16. இரண்டையும் கூட்டினால் 30ஆம் வீடு உனக்குச் சொந்தமாகிவிடுமா?” என்று கேட்பார். வகுப்பே சிரிக்கும். மாதக் கடைசியில் வகுப்பில் எத்தனையாவது என்று போடுவார்களே, அது ‘ரான்’, மூன்றாவது வகை.

தமிழில் ‘எண்’ என்ற ஒரே சொல் இத்தனை வேலையும் பார்க்கிறது. ‘எண்ணிக்கை’ என்று ஒரு நல்ல சொல் இருக்கிறது, அதை நாம் சரியாகப் பயன்படுத்துவதில்லை. இந்தப் பதிவுக்காக நானே மூன்று பெயர் வைத்துக்கொள்கிறேன்: பெயர் எண், வரிசை எண், அளவு எண். பெயர் எண் அடையாளம் மட்டும் சொல்லும். வரிசை எண் முன் பின் சொல்லும், ஆனால் எவ்வளவு முன், எவ்வளவு பின் என்று சொல்லாது. அளவு எண்தான் எவ்வளவு என்றும் சொல்லும்.

இதை இப்போது எழுதக் காரணம் என் பேத்தி, மகள் வயிற்றுப் பேத்தி. மேற்படிப்பில் வரைபடம் சம்பந்தமான பாடம் எடுத்திருக்கிறாள். ப்ராஜெக்டுக்கு என் மனைவியின் பிறந்த ஊரைத் தேர்ந்தெடுத்தாள். விழுப்புரம் மாவட்டத்துப் பக்கம் உள்ள கிராமம். நம் புதுச்சேரிப் பகுதியும் தமிழ்நாட்டுக் கிராமங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்துக் கிடப்பது உங்களுக்குத் தெரியாததல்ல, ஒரு வாய்க்காலைத் தாண்டினால் மாநிலம் மாறிவிடும். அந்த ஊரில் எங்கே வீடு கட்டலாம், எங்கே கட்டக் கூடாது என்று கம்ப்யூட்டரில் வரைபடம் போட்டுக் காட்ட வேண்டும். அதற்காகக் கிராம அ-பதிவேட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்குப் போன் செய்தாள்.

“தாத்தா, மண் வயனமும் ரகமும்னு ஒரு காலம் இருக்கே, அதுல 8-3, 7-2, 4-3ன்னு போட்டிருக்கு. எக்செல்ல அடிச்சா 8 மார்ச்னு தேதியா மாத்திடுது. இது என்ன எண்ணுங்க?”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நிலப் பதிவேடுகளோடு உத்தியோக காலத்தைக் கழித்தவனுக்கு, ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து இப்படி ஒரு கேள்வி வந்தால் சர்க்கரைப் பொங்கல் மாதிரி. “நீ நேரில் வாம்மா, சொல்கிறேன்” என்றேன். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியோடு வந்துவிட்டாள்.

முதலில் அவள் எனக்குப் பாடம் நடத்தினாள். கம்ப்யூட்டர் வரைபடத்தில் ஒரு வகை, ஊரையே சின்னச் சின்னச் சதுரக் கட்டமாக வெட்டிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் ஒரு எண்தான் நிற்கும், எழுத்து நிற்காது. ‘நஞ்சை’ என்றோ ‘தோப்பு’ என்றோ எழுத முடியாது. அதற்கு ஒரு எண் கொடுத்துத்தான் உள்ளே விட வேண்டும். மண்ணுக்கு ஒரு படம், நீருக்கு ஒரு படம், சரிவுக்கு ஒரு படம், சாலைக்கு ஒரு படம். எல்லாப் படத்திலும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, கட்டத்துக்குக் கட்டம் கூட்டினால் கடைசியில் ஒரு மொத்த மதிப்பெண் வரும். 5க்குப் பச்சை, 1க்குச் சிவப்பு. அவள் பயன்படுத்துவது க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள், காசு கொடுக்க வேண்டாம், யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாமாம்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் இதே வேலையை 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சென்னை மாகாணத்து செட்டில்மென்ட் அதிகாரிகள் கம்ப்யூட்டர் இல்லாமல் செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அந்த 8-3 அவர்கள் விட்டுப்போன கையெழுத்துதான்.

அது எப்படியென்று சொல்கிறேன். முதல் எண் மண்ணின் வயனம். கரிசலில் களியும் மணலும் கலந்தது 4, மணல் மிகுந்தது 5. செம்மண்ணில் களியும் மணலும் கலந்தது 7, மணல் மிகுந்தது 8. இரண்டாவது எண் ரகம். அந்த வயனத்துக்குள்ளேயே மிக நல்லது 1, நல்லது 2, நடுத்தரம் 3, மட்டம் 4, மிக மட்டம் 5. ஆகவே 8-3 என்றால் மணல் மிகுந்த செம்மண், அதில் நடுத்தரம்.

இப்போது கவனியுங்கள். கோட்டுக்கு முன்னால் இருக்கும் 8 ஒரு பெயர் எண். எட்டாம் வயனம் நாலாம் வயனத்தைவிட இரண்டு மடங்கு உசத்தி என்றோ தாழ்த்தி என்றோ அர்த்தமில்லை. கோட்டுக்குப் பின்னால் இருக்கும் 3 ஒரு வரிசை எண். அதிலும் சின்ன எண்தான் உசத்தி. ஒரே கட்டத்தில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு வகை எண் உட்கார்ந்திருக்கிறது.

என் பேத்தி தேதித் தொல்லைக்குப் பயந்து கோட்டை எடுத்துவிட்டு 83, 72, 43 என்று அடித்து வைத்திருந்தாள். கம்ப்யூட்டர் அதை வாங்கிக்கொண்டு 83தான் பெரியது, 43 சின்னது என்று வரிசைப்படுத்திவிட்டது. அதன் கணக்கில் மணற்பாங்கான செம்மண் உச்சியில், கரிசல் அடியில். அவளைக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பதிவேட்டில் எந்தப் பக்கத்திலும் ‘இது பெயர், இது வரிசை’ என்று எழுதி வைக்கவில்லை. மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் வாய்மொழியாகச் சொல்லித்தான் அடுத்தவர்களுக்குத் தெரியும்.

அப்படியானால் கரிசலையும் செம்மண்ணையும் ஒப்பிடவே முடியாதா? முடியும். அதற்குத்தான் பக்கத்திலேயே ‘தரம்’ என்று இன்னொரு காலம். செட்டில்மென்ட்காரர்கள் மண்ணைத் தோண்டிக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்தார்கள். அதோடு நிற்கவில்லை. எந்த மண்ணில் எவ்வளவு நெல் விளைகிறது, எவ்வளவு கம்பு, கேழ்வரகு விளைகிறது என்று அறுத்து அளந்தார்கள். பஞ்ச காலத்தை நீக்கிவிட்டு இருபது வருஷ விலையின் சராசரியில் அந்தத் தானியத்தைப் பணமாக்கினார்கள். பருவம் பொய்ப்பதற்குக் கொஞ்சம், சாகுபடிச் செலவுக்குக் கொஞ்சம் கழித்தார்கள். மிஞ்சியதில் பாதி சர்க்கார் பங்கு. இப்படிப் பணமாக்கிய பிறகு ஏறக்குறைய ஒரே மதிப்பு வந்த மண்களையெல்லாம் ஒரே தரத்தில் போட்டார்கள். மட்டமான கரிசலும் நல்ல செம்மண்ணும் ஒரே தரத்தில் வந்து உட்காரலாம். நஞ்சையாக இருந்தால் பாசன ஆதாரத்துக்கும் ஒரு வகுப்பு உண்டு. ஏரியில் தண்ணீர் அதிக நாள் நிற்காது என்றால் தரத்தைக் கீழே இறக்குவார்கள். சந்தைக்கும் சாலைக்கும் எவ்வளவு பக்கம் என்று பார்த்துக் கிராமங்களையும் குழு குழுவாகப் பிரித்தார்கள்.

வரி வாங்கத்தான் இத்தனையும் செய்தார்கள், குடியானவன்மேல் பாசத்தால் அல்ல. அதை மறக்க வேண்டாம். ஆனால் முறையைப் பாருங்கள். பெயரை நேராக எண்ணாக மாற்றவில்லை. பெயருக்கும் எண்ணுக்கும் நடுவில் ஒரு மரக்காலை வைத்தார்கள். நெல்லை அளந்த பிறகுதான் வரிசை போட்டார்கள். பேத்தியிடம் இதைத்தான் சொன்னேன்: “எண் போடுகிறதுக்கு முன்னாடி, எதை அளந்து போடுகிறாய் என்று ஒரு வரி எழுதிக்கொள்.”

அளக்காமல் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவளே ஒரு வேடிக்கை காட்டினாள். மென்பொருளிடம் ‘இந்தச் சொற்களுக்கு நீயே எண் கொடு’ என்று விட்டுவிட்டால் பல நேரம் அது அகர வரிசையில் கொடுத்துவிடுமாம். அதிகம், குறைவு, நடுத்தரம் என்று மூன்று சொல் இருந்தால் அதிகம் 1, குறைவு 2, நடுத்தரம் 3. வெள்ள அபாயம் நடுத்தரமாக உள்ள தெருவுக்குத்தான் மிகப் பெரிய எண்! ஆங்கிலத்தில் எழுதினாலும் இதே கதைதான்: ஹை, லோ, மீடியம். அகராதி எழுதியவருக்கு வெள்ளத்தைப் பற்றி என்ன கவலை?

அடுத்து அவள் காட்டியது இன்னும் விநோதம். ஐரோப்பிய விண்வெளி முகமை ‘வேர்ல்டுகவர்’ என்ற பெயரில் 2020, 2021 ஆண்டுகளுக்கு உலகம் முழுவதையும் 10 மீட்டர் கட்டமாக வெட்டி, எந்தக் கட்டத்தில் என்ன இருக்கிறது என்று வெளியிட்டிருக்கிறது. மரம் 10, புதர் 20, புல் 30, பயிர் 40, கட்டடம் 50, வெற்றுத் தரை 60, நிலையான நீர் 80, அலையாத்திக் காடு 95. பிச்சாவரம் காடெல்லாம் 95 வகையில் சேரும். இவையெல்லாம் பெயர் எண்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது, கட்டடம் புல்லைவிட 20 அதிகம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் கட்டத்தின் அளவை மாற்றும்போதோ, ஒரு படத்தை இன்னொரு படத்தோடு பொருத்தும்போதோ, பக்கத்துக் கட்டங்களின் சராசரியை எடுக்கும்படி மென்பொருளிடம் சொல்லிவிட்டால் அது கூசாமல் எடுத்துவிடும். ஏரியின் 80க்கும் அதையொட்டிய வயலின் 40க்கும் சராசரி 60. அறுபது என்றால் வெற்றுத் தரை. ஏரிக்கும் வயலுக்கும் நடுவே ஒரு பட்டை பொட்டல் காடாகிவிடுகிறது! அங்கே பொட்டலும் இல்லை, ஒன்றும் இல்லை. கணக்கு உண்டாக்கிய பொட்டல்.

இதற்கு மருந்து சுலபம்தான். பெயர் எண்ணாக இருந்தால் சராசரி எடுக்காதே, அருகில் உள்ள கட்டத்தின் எண்ணை அப்படியே எடு, அல்லது சுற்றிலும் எது அதிகமோ அதை எடு என்று மென்பொருளிடம் சொல்லிவிட வேண்டும். அதற்குத் தனித் தனிப் பொத்தான் இருக்கிறது. எந்தப் பொத்தான் என்று தெரிய, முதலில் அது எந்த வகை எண் என்று தெரிய வேண்டும்.

இந்தப் பொட்டல்தான் எங்கள் குடும்பத்தில் ஒரு சின்னக் கலவரத்தை உண்டாக்கிற்று. அவள் முதல் வரைவைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டாள். ஏரிக்கு அடியில் இருக்கும் நஞ்சையெல்லாம் பளிச்சென்று பச்சை, அதாவது வீடு கட்ட உகந்த இடம். அங்கேதான் என் மைத்துனருக்கு அறுபது சென்ட் இருக்கிறது. பக்கத்தில் வெள்ளைக் கல் நட்டு மனை போட்டிருப்பவர்கள் ரொம்ப நாளாக அவரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். படத்தைப் பார்த்த அன்று ராத்திரியே போன்: “பார்த்தீங்களா மாமா, பாப்பாவே சொல்லிடுச்சு. கம்ப்யூட்டர்லயே பச்சை போட்டிருக்கு. இனிமே நெல்லு வெச்சு என்ன பண்றது?”

அவரை வையவும் முடியவில்லை. நெல் போட்டு அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும். ஆனால் 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் நம் தலைக்கு மேல் வந்து கொட்டியபோது, அந்த வெள்ளைக் கல் மனையில் ஏற்கெனவே வீடு கட்டியவர்கள் முழங்கால் தண்ணீரில் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு நின்றதையும் நான் பார்த்தேன். பாவம், சேமிப்பையெல்லாம் போட்டு வாங்கியவர்கள். ஏரிக்கு அடியில் என்றால் ஏரி நிரம்பினால் தண்ணீர் வந்து நிற்கும் இடம் என்று அர்த்தம், அதனால்தானே அது நஞ்சை? முன்னோர்கள் அதை ஊர் என்று வைக்காமல் வயல் என்று வைத்தார்கள். ஊரை மேட்டில் வைத்து நத்தம் என்றார்கள்.

“ஒன்றைச் சொல்லு, நஞ்சைக்கு நீ என்ன மதிப்பெண் போட்டாய்?” என்று கேட்டேன். “பதிவேட்டில் உசந்த நிலம் நஞ்சைதானே தாத்தா, அதனால 5” என்றாள். “பயிர் வைக்க 5, சரி. வீடு கட்ட?” கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, “1” என்றாள்.

இதுதான் இந்தப் பதிவில் நான் சொல்ல விரும்புவது. நஞ்சை என்ற பெயருக்குள் எந்த வரிசையும் கிடையாது. என்ன காரியத்துக்கு என்று கேட்ட பிறகுதான் வரிசை வருகிறது. கேள்வி மாறினால் உச்சியில் இருந்தது அடிக்கு வரும். அ-பதிவேட்டின் வரிசை ‘எவ்வளவு வரி போடலாம்’ என்ற கேள்விக்குப் பிறந்தது. அதை எடுத்து ‘எங்கே வீடு கட்டலாம்’ என்ற கேள்விக்கு மாட்டினால், மாப்பிள்ளை வீட்டுச் செருப்பைப் பெண் வீட்டுக்காரர் மாட்டிக்கொண்டு போன கதைதான்.

எண்ணைத் திருப்பும் கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். பதிவேட்டு ரகத்தில் 1 உசத்தி, அவள் படத்தில் 5 உசத்தி. 6லிருந்து கழித்தால் சரியாகிவிடும்: 1 என்பது 5, 2 என்பது 4. இது கணக்கே இல்லை, ஆனால் எந்தப் பக்கம் உசத்தி என்று படத்தின் ஓரத்தில் எழுதாவிட்டால் பார்க்கிறவன் தலைகீழாகத்தான் படிப்பான்.

எண் பெரிதானால் கண்டிப்பு கூடும், அல்லது குறையும் என்று நினைப்பதும் அப்படித்தான் ஏமாற்றும். நம் கடலோரத்துக்கே ஒரு உதாரணம் இருக்கிறது. 2011ஆம் ஆண்டுக் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையில் மண்டலம் 1 என்பது அலையாத்திக் காடு, ஆமை முட்டையிடும் இடம் போன்ற மென்மையான பகுதி. 2 என்பது ஏற்கெனவே கட்டடம் நிறைந்த நகரம். 3 என்பது அவ்வளவாகக் கட்டடம் வராத கிராமப்புறம். 4 என்பது கடல் நீர்ப்பரப்பு. இதில் 3ஆம் மண்டலத்தில் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டர் வரை புதிதாகக் கட்டக் கூடாது என்றிருந்தது. 2ஆம் மண்டலத்தில் அத்தனை கண்டிப்பு இல்லை. ஆக, கண்டிப்பின்படி வரிசை வைத்தால் 1, 3, 2. இந்த எண்ணை அப்படியே மதிப்பெண்ணாகக் கூட்டினால் கிராமத்துக் கடற்கரை நகரத்தைவிடத் தாராளமாகக் கட்ட ஏற்ற இடமாகிவிடும்.

வரிசை சரியாகவே இருந்தாலும் படிகள் ஒரே உயரம் என்று நம்பக் கூடாது. 2002இல் திருத்திய நிலநடுக்க விதித் தொகுப்பில் இந்தியாவை 2 முதல் 5 வரை நான்கு மண்டலமாகப் பிரித்தார்கள். முன்பிருந்த ஒன்றாம் மண்டலத்தை இரண்டோடு சேர்த்துவிட்டார்கள். புதுச்சேரி 2இல், சென்னை 3இல். இங்கே வரிசை உண்மையான வரிசைதான். ஆனால் பொறியாளர்கள் கணக்குப் போடும்போது 2, 3, 4, 5 என்ற எண்ணைத் தொடுவதில்லை. அவற்றுக்குப் பதில் 0.10, 0.16, 0.24, 0.36 என்ற காரணியை அந்தத் தொகுப்பில் வைத்தார்கள். ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டரை. காரணியில் வகுத்துப் பாருங்கள், மூன்றரைக்கு மேலேயே வருகிறது. மேலே போகப் போகப் படி உயரமாகிறது. அவர்கள் வரிசை எண்ணைப் பலகையில் மட்டும் எழுதிவிட்டு, கணக்குக்கு அளவு எண்ணை வைத்துக்கொண்டார்கள். எங்கள் பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான். இருபதுக்கு 10 வாங்கினால் ‘பஸ்ஸாப்ல்’, 12க்கு ‘அஸ்ஸே பியேன்’, 14க்கு ‘பியேன்’, 16க்கு ‘த்ரே பியேன்’. வீட்டில் காட்டச் சொல், சராசரி எடுக்க எண்.

இன்னொரு விஷயமும் மெத்ரிடமிருந்துதான். பரீட்சைக்கு வராத பையனுக்கு அவர் பூஜ்யம் போட மாட்டார், ‘ஆப்சான்’ என்று எழுதுவார். வராதவன் வேறு, ஒன்றும் தெரியாதவன் வேறு. வரைபடத்திலும் தகவல் கிடைக்காத கட்டம் இருக்கும். அதற்கு -9999 என்று போட்டு வைப்பது வழக்கமாம். அதைத் தகவல் இல்லை என்று மென்பொருளுக்குச் சொல்ல மறந்தால் அந்த -9999ஐயும் சேர்த்துச் சராசரி எடுத்து ஊரையே பாதாளத்தில் தள்ளிவிடும். அதுபோலவே மயானம், கோயில் குளம், வாய்க்கால், மேய்க்கால் புறம்போக்கு. “இதுக்கெல்லாம் 1 போடட்டுமா தாத்தா?” என்றாள். “வேண்டாம். 1 போட்டால் சாலை பக்கத்தில் இருக்கிறது, தரை சமம் என்று மற்றப் பாடத்தில் மார்க் வாங்கி அது பாஸாகிவிடும். குளம் பரீட்சைக்கே வரவில்லை. பட்டியலிலிருந்து எடுத்துவிடு” என்றேன். அப்படி விலக்கி வைக்கவும் வழி இருக்கிறதாம், செய்தாள்.

கடைசியில் எந்தப் படத்துக்கு எவ்வளவு பங்கு என்ற கேள்வி. தண்ணீர் தேங்குவதற்கு 40, சாலைக்கு 25, மண்ணுக்கு 20, சரிவுக்கு 15 என்று வைத்திருந்தாள். யார் சொன்ன கணக்கு என்றேன். தாமஸ் சாட்டி என்ற கணிதவியலாளர் 1970களில் ஒரு முறை வகுத்தாராம். இரண்டு இரண்டாக ஒப்பிட்டு, சமம் என்றால் 1, கொஞ்சம் முக்கியம் என்றால் 3, மிக மிக முக்கியம் என்றால் 9 என்று போட வேண்டும். நம் பதில்கள் ஒன்றுக்கொன்று முரண்படுகிறதா என்று சோதிக்கவும் அதில் வழி உண்டாம். நல்ல முறைதான். ஆனால் ‘கொஞ்சம் முக்கியம்’ என்பதும் ஒரு சொல்லே, அதற்கு 3 என்பதும் ஒருவர் வைத்ததே. அதனால் ஒரு யோசனை சொன்னேன். 40ஐ 30ஆக்கிப் பார், 50ஆக்கிப் பார். எந்த வயல் நிறம் மாறுகிறது, எது எப்படிப் போட்டாலும் மாறாமல் நிற்கிறது என்று குறித்துக்கொள். மாறாமல் நிற்பதைத்தான் தைரியமாகச் சொல்லலாம். செய்து பார்த்தாள். ஏரிக்கு அடியில் இருந்த நஞ்சை எல்லாவற்றிலும் சிவப்பாகவே நின்றது, வடக்கே நத்தத்தை ஒட்டிய மேட்டுப் புஞ்சை எல்லாவற்றிலும் பச்சை. நடுவில் ஒரு பட்டை மட்டும் அங்கும் இங்கும் போயிற்று. அதற்கு மஞ்சள் கொடுத்து, ‘நேரில் பார்க்கவும்’ என்று எழுதச் சொன்னேன்.

புதுப் படத்தை மைத்துனருக்கும் அனுப்பினாள். “என்ன பாப்பா, போன வாரம் பச்சை, இந்த வாரம் சிவப்பா?” என்றார். அவள் பொறுமையாக உட்கார்ந்து விளக்கினாள். அவர் இன்னும் விற்கவில்லை. விற்கவே மாட்டார் என்றும் சொல்ல முடியாது. கடன் இருக்கிறது, பையன் வெளியூரில் இருக்கிறான். ஆனால் ‘கம்ப்யூட்டரே சொல்லிவிட்டது’ என்ற பேச்சு நின்றுபோயிற்று. விற்றாலும் தெரிந்து விற்பார், வாங்குகிறவரிடமும் சொல்லித்தான் விற்க வேண்டும் என்று என் மனைவி கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

நம் வயதுக்காரர்களுக்கு இப்போது எங்கே போனாலும் நிறம் தீட்டிய வரைபடத்தை நீட்டுகிறார்கள். வெள்ள அபாயம், நிலத்தடி நீர், மனை மதிப்பு, எதுவாக இருந்தாலும் பச்சை, மஞ்சள், சிவப்பு. நிறத்துக்குப் பின்னால் எண் இருக்கிறது, எண்ணுக்குப் பின்னால் யாரோ ஒருவர் ஒரு சொல்லைப் பார்த்து ‘இதற்கு இத்தனை’ என்று போட்ட முடிவு இருக்கிறது. கூச்சப்படாமல் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த எண் பெயரா, வரிசையா, அளவா? வரிசை என்றால் எந்தக் காரியத்துக்கான வரிசை, எந்தப் பக்கம் உசத்தி? தகவல் இல்லாத இடத்துக்கு என்ன போட்டீர்கள்? பதில் சொல்லத் தெரிந்தவர் படம் என்றால் நம்பி உட்காரலாம்.

தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் உள்ளவர்கள் ‘எங்கிருந்தும் எந்நேரமும்’ இணைய சேவையில் உங்கள் ஊர் அ-பதிவேட்டு விவரத்தை வீட்டிலிருந்தே பார்க்கலாம். மண் வயனமும் ரகமும் என்ற இடத்தில் உங்கள் புலத்துக்கு என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள். பிறகு அந்த மண்ணில் ஐம்பது வருஷம் உழுதவர் யாராவது இருந்தால் அவரிடமும் கேளுங்கள். இரண்டும் ஒத்துப் போகிறதா என்று எனக்கும் தெரிந்துகொள்ள ஆசை.